முதலில் எர்த்

"எதையும் தொடாதீங்க டோரீன்,
முக்கியமா அந்த கேபிளை"
என்று போனில் சொல்லிவிட்டுத்தான்
வண்டியைக் கிளப்பினேன்.
வின்னிபெக்கிலிருந்து செல்கர்க் வரை
மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் காற்றில் உதடு வெடித்தது.

கர்லிங் கிளப்பின் ஆபீஸ் என்பது
ஒரு ஸ்டோர் ரூம்.
துடைப்பங்கள், தூசி படிந்த கோப்பை,
நடுவே அந்த மேக்,
எண்பத்தேழாம் வருஷத்துப் பெட்டி,
வெற்றிலை போடாத கிழவனின் பல் நிறம்.
கையகலத் திரையில்
"வால்ட்டர் போட்ட ஐஸில்" என்பதற்குப் பின்னால்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

வாக்குவம் கிளீனர் ஒயரில் சிக்கி
கீபோர்டு பிளக் பிடுங்கிக்கொண்டதாம்.
மௌஸும் கீபோர்டின் வாலில்தான் தொங்குகிறது.
ஆக, அதற்குக் கையும் இல்லை, காதும் இல்லை.
விழித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மதியத்திலிருந்து நாலு பக்கம்.
ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை.
நாளை பதினொரு மணிக்கு
வால்ட்டருக்கு இரங்கல் கூட்டம்.

"திரும்பச் செருகினா என்ன?
என் மகள் கார் ஓட்டிக்கிட்டே
எதையாவது செருகுறா, பிடுங்குறா."

உங்கள் மகளின் பிளக்கை
ஒருநாள் உற்றுப் பாருங்கள் டோரீன்.
உள்ளே நாலு பட்டை,
ஓரத்து இரண்டும் ஒரு நூல் நீளம்.
எர்த்தும் கரண்டும் முதலில் போய் உட்காரும்,
பேச்சு அப்புறம்தான்.
யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்,
புது இடத்துக்கு வருகிறவர்
முதலில் காலை ஊன்றட்டும் என்று.

இதில் நாலு ஊசி. நாலும் ஒரே உயரம்.
கை எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்த ஊசி முந்தும்.
ஐந்தே வோல்ட், நாக்கில் வைத்தால்கூடப் புளிக்கும், அவ்வளவே.
ஆனால் எர்த் கிடைக்குமுன்
அது வேறு கம்பி வழியே வீடு தேடினால்
போர்டில் கடுகளவு ஃப்யூஸ் ஒன்று போகும்.
அதோடு போனால் நல்ல காலம்.
அதற்குப் பின்னால் இருக்கும் சிப்பை
இன்று யாரும் செய்வதில்லை.

பத்துத் தடவை செருகினால்
ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது.
அந்த ஒன்பதை நம்பித்தான்
ரெஜைனாவில் என் முதல் மெஷினைக் கொன்றேன்.
சத்தமே இல்லை.
கர்சர் துடித்துக்கொண்டேதான் இருந்தது,
நான் தட்டத் தட்ட
ஓர் எழுத்துகூட வரவில்லை.

போனில் படம் எடுத்தேன். மூன்று தடவை.
மூன்றிலும் வரிகளுக்குக் குறுக்கே
ஒரு கறுப்புப் பட்டை.
சரி, பென்சில்.
நான் வாசிக்க வாசிக்க
ஸ்கோர் அட்டைகளின் பின்பக்கம் டோரீன் எழுதினார்,
திரையில் தெரிந்த பத்தொன்பது வரியை.
அதற்கு மேலே ஏறிப் போனது
ஏறிப் போனதுதான்.

பின்பக்கம் கைவிட்டு ஸ்விட்சை அமுக்கினேன்.
வால்ட்டர் ஒரு புள்ளியாகச் சுருங்கி
அணைந்தார்.

கம்பளத்தில் நடந்த கால்.
ஹீட்டர் குழாயைத் தொட்டேன், விரல் நுனியில் பொறி.
என்னிடம் இருந்ததை அது வாங்கிக்கொண்டது.
பிறகுதான் பிளக்கை எடுத்து,
அம்புக்குறி மேலே பார்க்க,
அசைக்காமல், திருகாமல்,
உள்ளே.

ஒரு பீப்.
சிரிக்கிற சின்ன முகம்.
அப்புறம் வெள்ளைத் தாள்.

ரொம்ப நேரம் அதையே பார்த்தார் டோரீன்.
"மேலே போன மூணு பக்கமும்
பொய்தான்" என்றார்.
"நல்லவர், பொறுமைசாலி, அது இது.
ஐஸ் மட்டும் நல்லா போடுவான்.
அது சத்தியம்."

காபி ஊற்றப் போனேன்.
திரும்பி வருவதற்குள் முதல் வரி நின்றது:
வால்ட்டர் எனக்கு
நாற்பது டாலர் தர வேண்டும்.

என்னைப் பார்த்தார்.

"சேவ்" என்றேன்.